பத்துப் பிழைகள், ஆறு காரணங்கள்: ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்துவது எப்படி?

ஒரு மாணவரின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்துவது அரசியல் தொடர்பற்ற சிறு பணியாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணவர்கள் தாம் எவ்வாறு மதிப்பிடப்படுகிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்வது திருத்தித் தரப்படும் அந்தத் தாளில்தான். ‘எனக்குப் பிடித்த பாடம்’ என்னும் தலைப்பு பள்ளியிலும் கல்லூரியின் முதலாண்டிலும் மீண்டும் மீண்டும் தரப்படுகிறது. அந்தத் தாள் எப்படித் திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்து, அம்மாணவர் மேலும் எழுதுகிறார். அல்லது எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்.

இங்கே இருவகைத் தீங்குகள் நடக்கின்றன. முதலாவது, தாள் முழுவதும் சிவப்பு மையால் கோடிட்டு, ‘இவர்களுக்கு ஆங்கிலம் வராது’ என்று முடிவுகட்டுவது. இரண்டாவது, ‘பாவம், இவ்வளவு எழுதியதே பெரிது’ என்று ஒரு பிழையையும் தொடாமல் தேர்ச்சி மதிப்பெண் இடுவது. முதலாவதை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம். இரண்டாவது இரக்கத்தின் உடையில் வருவதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இம்மாணவரால் கற்க இயலாது என்னும் நம்பிக்கை. நாம் முன்வைக்கும் வாதம் எளியது. முறையான திருத்தம் மாணவரின் உரிமை. அதைச் செய்வதற்கு ஒரு வழிமுறை உண்டு. அந்த வழிமுறை, பிழை ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுவதிலிருந்து தொடங்குகிறது.

மறுக்கப்பட்ட பாடமும் கற்றுக்கொண்ட மொழியும்

பிடித்த பாடத்தைப் படிக்கும் வாய்ப்பே நம் வரலாற்றில் எல்லோருக்கும் இருந்ததில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத சாதியில் பிறந்தவர் என்பதால் அது மறுக்கப்பட்டது. அவர் பாரசீக மொழியை எடுத்துப் படிக்க நேர்ந்தது. பின்னாளில் சமஸ்கிருதத்தைத் தம் முயற்சியால் கற்றார். பாலி மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தொகுத்தார். இலக்கணம் அவருக்கு அலங்காரமன்று. பூட்டிய கதவைத் திறக்கும் சாவி.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர், பாடநூல்கள் எழுதியவர். ஒடுக்கப்பட்டோரின் நிலையை விளக்கி 1925இல் அவர் வெளியிட்ட நூல் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. அரசுக்கு எழுதும் மனுவும் சட்டமன்ற உரையும் இடைத்தரகரின்றி நேரே சென்றடைய வேண்டும் என்பதற்காகவே அத்தலைமுறை ஆங்கிலத்தைக் கைக்கொண்டது. ஆங்கிலம் உயர்ந்த மொழி, தமிழ் தாழ்ந்த மொழி என்னும் எண்ணத்துக்கு இதில் இடமில்லை.

ஆறு வாக்கியங்கள்

விளக்கத்துக்காக ஒரு மாதிரிப் பத்தியை எடுத்துக்கொள்வோம். இது நாம் அமைத்துக்கொண்டது. ஆயினும் இதிலுள்ள பிழைகள் தமிழ்வழி மாணவரின் தாள்களில் பரவலாகக் காணப்படுபவை. மாணவர் வரலாற்றைத் தமக்குப் பிடித்த பாடமாகத் தேர்ந்து, ஆங்கிலத்தில் இவ்வாறு எழுதுகிறார்:

“மை ஃபேவரிட் சப்ஜெக்ட் இஸ் ஹிஸ்டரி. ஐ ஆம் லைக்கிங் ஹிஸ்டரி ஃப்ரம் சிக்ஸ்த் ஸ்டாண்டர்ட். மை டீச்சர் டீச் வெரி வெல். வீ டிஸ்கஸ்ட் அபௌட் மகத் ஸ்ட்ரகிள். தலித் பீப்பிள் ஆர் நாட் அலோயிங் டு டிரிங்க் வாட்டர் இன் தட் டேங்க். ஆல்தோ மை ஃபாதர் இஸ் நாட் ஸ்டடீட், பட் ஹீ ஆஸ்க் மீ எவ்ரி டே வாட் ஐ லேர்ன்ட்.”

முதல் வாக்கியத்தில் பிழை இல்லை. மீதமுள்ள ஐந்தில் பத்து இடங்களில் சிவப்பு மை விழக்கூடும். ஆனால் இப்பத்தும் பத்து வெவ்வேறு அறியாமைகள் அல்ல. ஆறே காரணங்களிலிருந்து பிறந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை, மாணவர் தமிழ் இலக்கணத்தைச் செம்மையாக அறிந்திருப்பதால் ஏற்பட்டவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்காரணம்: யார் யாரைத் தடுத்தார்?

மிக முக்கியமான பிழை ஐந்தாம் வாக்கியத்தில் உள்ளது. மகத் நகரின் சவுதார் குளத்தில் தலித் மக்களைத் தண்ணீர் குடிக்க விடவில்லை என்பதே மாணவர் சொல்ல வந்தது. ஆனால் ‘ஆர் நாட் அலோயிங்’ என்றால், தலித் மக்கள்தாம் பிறரைக் குடிக்க விடவில்லை என்று பொருள் தலைகீழாகிறது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று அக்குளத்து நீரை அருந்திய போராட்டத்தின் பொருளே இங்கு கவிழ்ந்துவிடுகிறது.

இது ஏன் நேர்கிறது? ‘தலித் மக்களைக் குடிக்க விடவில்லை’ என்னும் தமிழ் வாக்கியத்தில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ‘மக்களை’ என்பதிலுள்ள ஐ உருபு, அவர்கள் தடுக்கப்பட்டவர்கள் என்பதை உறுதிசெய்கிறது. சொல் வாக்கியத்தில் எங்கே நின்றாலும் உருபு பொருளைக் காக்கும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. சொல் நிற்கும் இடமே அதன் பங்கைத் தீர்மானிக்கிறது. வினைக்கு முன்னே நின்றால் அதுவே எழுவாய். ஆகவே மாணவர் எழுத வேண்டியது: “தலித் பீப்பிள் வேர் நாட் அலோவ்ட் டு டிரிங்க் வாட்டர்”. இது செயப்பாட்டு வினை. தமிழில் ‘அனுமதிக்கப்படவில்லை’ என்பதற்கு நேரானது.

தந்தையைப் பற்றிய ‘இஸ் நாட் ஸ்டடீட்’ என்பதும் இதே வகைப் பிழைதான். தமிழில் ‘படித்தவர் இல்லை’ என்பது இயல்பான தொடர். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலத்தில் ‘தந்தை ஆராயப்படவில்லை’ என்னும் பொருள் வந்துவிடுகிறது. இங்கே திருத்துபவர் உடனே விடையை எழுதிவிடக் கூடாது. மாணவரிடம் கேட்க வேண்டும். தந்தை பள்ளிக்குச் செல்லவில்லையா? செல்ல இயலவில்லையா? அனுமதிக்கப்படவில்லையா? ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் மூன்று வேறு வினை அமைப்புகள் உண்டு: ‘டிட் நாட் கோ’, ‘குட் நாட் கோ’, ‘வாஸ் நாட் அலோவ்ட் டு கோ’. முதலாவது ஒரு நிகழ்வைச் சொல்கிறது, இரண்டாவது இயலாமையை, மூன்றாவது தடையை. எது உண்மை என்பதை மாணவர் மட்டுமே அறிவார். இலக்கணம் என்பது பொறுப்பை யார்மேல் வைக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் கருவி என்று அவர் உணரும் இடம் இதுவே.

இரண்டாம் காரணம்: ஒரே நிகழ்காலம், இரண்டு ஆங்கில வடிவங்கள்

‘நான் படிக்கிறேன்’ என்னும் தமிழ்த் தொடர், நாள்தோறும் படிப்பதையும் குறிக்கும்; இந்நொடியில் படித்துக்கொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. நிகழ்காலம் என்றவுடன் மாணவர் ‘இங்’ ஈற்றைச் சேர்த்துவிடுவது இதனால்தான். விதி எளியது: விரும்புதல், அறிதல், நம்புதல், புரிந்துகொள்ளுதல் முதலான மனநிலை வினைகளுக்கு ஆங்கிலம் பொதுவாகத் தொடர் நிகழ்காலத்தைப் பயன்படுத்துவதில்லை.

‘ஆறாம் வகுப்பிலிருந்து பிடிக்கும்’ என்பதில் ‘இலிருந்து’ உருபு ‘ஃப்ரம்’ ஆக மாறியிருக்கிறது. முன்பு தொடங்கி இன்றுவரை நீடிக்கும் ஒன்றைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ துணைவினையும் ‘சின்ஸ்’ சொல்லும் தேவை: “ஐ ஹேவ் லைக்ட் ஹிஸ்டரி சின்ஸ் சிக்ஸ்த் ஸ்டாண்டர்ட்”.

மூன்றாம் காரணம்: ஓர் எழுத்தின் குழப்பம்

‘டீச்சர் டீச்’, ‘ஹீ ஆஸ்க்’ என்னும் இரண்டிலும் வினையின் இறுதியில் வரவேண்டிய ‘எஸ்’ விடுபட்டுள்ளது. எழுவாய்க்கேற்ப வினை மாறும் என்பதை அறியாததால் நேர்ந்த பிழை அன்று இது. கேட்கிறேன், கேட்கிறாய், கேட்கிறாள், கேட்கிறார்கள் எனத் தமிழ் வினை திணை, பால், எண், இடம் அனைத்தையும் காட்டும். ஆங்கிலம் அவற்றை ஏறத்தாழ இழந்துவிட்டது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் எழுத்து எஞ்சியிருக்கிறது. அதே எழுத்துதான் பெயர்ச்சொல்லில் பன்மையைக் காட்டுகிறது. எனவே ‘எஸ்’ என்றால் பன்மை என்று கற்ற மாணவர், ஒருமை எழுவாயின் வினையில் அதைச் சேர்க்கத் தயங்குகிறார். பெயரில் சேர்ந்தால் வினையில் சேராது; வினையில் சேர்ந்தால் பெயரில் சேராது என்று நினைவில் வைத்தால் பெரும்பாலான இடங்களில் தப்பலாம்: ‘டீச்சர்ஸ் டீச்’, ‘டீச்சர் டீச்சஸ்’.

இதனோடு ஒட்டிய செய்தி ஒன்று. சில மாணவர்கள் ஆசிரியரையோ தந்தையையோ ஆங்கிலத்தில் பன்மையாக, ‘தே’ என்று எழுதுவதுண்டு. தமிழின் ‘அவர்’ தரும் மரியாதையைக் காக்கும் முயற்சி அது. ஊரில் யாருக்கு ‘அவர்’, யாருக்கு ‘அவன்’ என்பதைச் சாதி தீர்மானிப்பதைக் கண்டு வளர்ந்தவருக்கு இது சிறிய செய்தி அன்று. வயது முதிர்ந்த தலித் ஒருவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் ஒருமையில் அழைக்கும் ஊர்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஹீ’ நிலவுடைமையாளருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒன்றே. அவமதிக்கும் வழிகள் ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் இப்பெயர்ச்சொல்லில் அந்தப் பிரிவினை இல்லை. இதை விளக்கினால், தந்தையை ‘ஹீ’ என்று எழுதுவது மரியாதைக் குறைவன்று என்பதை மாணவர் ஏற்பார்.

நான்காம், ஐந்தாம், ஆறாம் காரணங்கள்

‘டிஸ்கஸ்ட் அபௌட்’ என்பது ‘பற்றி விவாதித்தோம்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்னும் வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும், ‘அபௌட்’ வேண்டியதில்லை. ‘இன் தட் டேங்க்’ என்பதும் ‘குளத்தில்’ என்னும் இல் உருபின் நிழல். நீரை எடுத்துக் குடிப்பதால் ஆங்கிலம் அங்கே ‘ஃப்ரம்’ கேட்கிறது. தமிழின் வேற்றுமை உருபுகளுக்கும் ஆங்கிலத்தின் பிரிபொசிஷன்களுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்னும் பொருத்தம் கிடையாது. வினையோடு சேர்த்தே அவற்றை மனத்தில் பதிக்க வேண்டும்.

ஐந்தாவது, ‘மகத் ஸ்ட்ரகிள்’ என்பதற்கு முன் விடுபட்ட ‘தி’. தமிழில் இதற்கு இணையான சொல் இல்லை. ‘அந்த’ என்பது சுட்டு, அதன் பணி வேறு. எழுதுபவரும் படிப்பவரும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இருவரும் அறிந்திருக்கும்போது ஆங்கிலம் ‘தி’ இடுகிறது. இது நீண்ட வாசிப்பால் மட்டுமே படியும் பழக்கம். முதலாண்டு மாணவரின் தாளில் விடுபட்ட ஒவ்வொரு ‘தி’யையும் வட்டமிடுவதால் பெரும்பயன் விளையாது.

ஆறாவது, ‘ஆல்தோ’ என்று தொடங்கி ‘பட்’ என்று இணைப்பது. இங்கே தமிழ்ச் செவியே துணை நிற்கும். ‘தந்தை படிக்காவிட்டாலும் ஆனால் கேட்பார்’ என்று நாம் எழுதுவதில்லை. இரண்டில் ஒன்று போதும். ஆங்கிலத்திலும் அவ்வாறே.

எதை முதலில் திருத்துவது?

மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். விதி தெரிந்தும் கவனக்குறைவால் நேரும் சறுக்கல் ஒன்று. கற்பவர் தம் மனத்தில் அமைத்துக்கொண்ட ஒரு விதியிலிருந்து தொடர்ந்து எழும் பிழை மற்றொன்று. இரண்டாவது வகை, கற்றல் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டும் சான்று.

அமெரிக்காவில் இக்கருத்து ஒரு சமூகப் போராட்டத்தோடு இணைந்தது. நியூயார்க்கின் சிட்டி கல்லூரியில் 1969இல் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினர். 1970 முதல் நகரப் பல்கலைக்கழகத்தின் கதவுகள் பரந்த அளவில் திறந்துவிடப்பட்டன. ‘தரம் தாழ்ந்துவிடும்’ என்னும் கூக்குரல் உடனே எழுந்தது. இடஒதுக்கீட்டை எதிர்ப்போர் ‘தகுதி’ என்று முழங்குவதைக் கேட்ட நமக்கு அது புதிதன்று. அங்கு எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திய மினா ஷாக்னசி, மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்து 1977இல் ஒரு நூலை வெளியிட்டார். பிழைகள் தாறுமாறானவை அல்ல, அவற்றுக்குள் ஒழுங்கும் தர்க்கமும் உண்டு. இம்மாணவர்கள் திறனற்றவர்கள் அல்லர், கல்விசார் எழுத்துக்குப் புதியவர்கள் என்பதே அவர் கண்ட முடிவு.

இவ்வெளிச்சத்தில், திருத்துபவர் பின்பற்றத் தக்க வரிசை பின்வருமாறு:

1. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுரையை ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். கருத்துக்கு ஒரு வரியேனும் மறுமொழி எழுத வேண்டும். மகத்தைப் பற்றி எழுதியவருக்கு மகத்தைப் பற்றியே முதற்சொல் கிடைக்க வேண்டும்.

2. பொருளைப் புரட்டும் பிழைகளை முதலில் எடுக்க வேண்டும். நம் பத்தியில் அவை ‘அலோயிங்’, ‘ஸ்டடீட்’ என்னும் இரண்டு.

3. அடுத்து, விதியாகச் சொல்லக்கூடிய, மீண்டும் வரும் பிழைகளில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுபட்ட ‘எஸ்’, வேண்டாத ‘இங்’ போன்றவை இவ்வகை.

4. விடையை எழுதித் தராமல், பிழை உள்ள வரியை மட்டும் குறித்து, மாணவரையே தேடச் செய்ய வேண்டும்.

5. இரண்டாம் படி எழுத வாய்ப்பளித்து, மதிப்பெண்ணை அதற்கே இட வேண்டும். மதிப்பெண் முதற்படியோடு முடிந்துவிட்டால் திருத்தம் தீர்ப்பாகிவிடுகிறது, கற்பித்தல் ஆவதில்லை.

6. மாணவர் தம் பிழைகளுக்கென ஒரு குறிப்பேடு வைத்து, பிழை, காரணம், சரியான வடிவம் ஆகிய மூன்றையும் பதிய வேண்டும்.

கைப்பேசிச் செயலியே திருத்திவிடுமே என்று கேட்கலாம். செயலி வாக்கியத்தைச் சீராக்கும். எழுதியவர் சொல்ல வந்ததை அறியாது. ‘ஆர் நாட் அலோயிங்’ என்பதோடு ‘எனிஒன்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் இலக்கணம் சரியாகிவிடும், வரலாறு பொய்யாகிவிடும். பயன்படுத்துவதில் தவறில்லை, மாற்றப்பட்டது என்ன, ஏன் என்று கேட்டுப் பழக வேண்டும்.

ஒரு தொடரில் தங்கியிருக்கும் நீதி

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று செயற்பாட்டாளர்கள் வினவலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நடந்திருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டம். அது ‘பொது இடம்’ என்பதிலிருந்து வேறுபட்டது என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனியார் வீட்டின் வாயிலருகே நிகழ்ந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டதே என்று அத்தீர்ப்பு கொண்டது. இரு தொடர்களுக்கிடையேயுள்ள வேறுபாடு ஒரு வழக்கு நிற்குமா வீழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ‘இளைஞர் தாக்கப்பட்டார்’ என்று மட்டும் எழுதப்படும் புகாரில் தாக்கியவர் மறைந்துவிடுகிறார். செயப்பாட்டு வினையை எங்கே பயன்படுத்த வேண்டும், எங்கே தவிர்த்துச் செய்தவரைப் பெயர் சொல்லி நிறுத்த வேண்டும் என்பதை ‘எனக்குப் பிடித்த பாடம்’ கட்டுரையில் கற்றவர், நாளை புகார் மனுவிலும் அதைச் செய்வார்.

ஆகவே இரு திசைகளில் நாம் செயல்பட வேண்டும். கல்லூரி நிர்வாகங்களிடம் மாணவர் அமைப்புகள் தெளிவான கோரிக்கைகளை வைக்கலாம்: திருத்திய தாள்கள் மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும், இரண்டாம் படி எழுதும் வாய்ப்பு வேண்டும், தமிழோடு ஒப்பிட்டு ஆங்கில இலக்கணம் விளக்கும் வகுப்புகள் பாடநேரத்துக்குள்ளேயே வேண்டும், அவ்வகுப்பில் சேர்பவரைத் தனியே பிரித்து அடையாளப்படுத்தக் கூடாது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. விடுதி அறையிலும், அம்பேத்கர் படிப்பகத்திலும், மாலை நேரப் பயிற்சி மையத்திலும் நான்கு மாணவர்கள் வாரம் ஒருமுறை கூடினால் போதும். ஒருவர் எழுதியதை மற்றவர் வாய்விட்டுப் படிக்கட்டும். முதற்கேள்வி ‘என்ன சொல்ல வந்தாய்?’ என்பதாக இருக்கட்டும், ‘எங்கே தவறு?’ என்பது அதற்குப் பின்னர் வரட்டும். அந்த வரிசையைக் காப்பாற்றும் குழுவில், பத்துப் பிழைகளோடு வந்தவர் வெட்கத்தோடு திரும்பமாட்டார். அடுத்த வாரம் இரண்டாம் படியோடு வருவார்.